மனக் கோயிலுக்கு அஸ்திவாரம்

எங்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு உபாத்தியாயராயிருந்து சென்ற வருஷம் ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் போன மாதம் என்னைத் தேடிக்கொண்டு வந்தார். நாற்காலியில் உட்கார்ந்ததும் ஒரு பெருமூச்சு விட்டார்.

"ஆறு மாதமாகத் தினந்தோறும் விடியற்காலையில் எழுந்து, ஸ்நானம் செய்து, கண்ணை மூடிக்கொண்டு உட்காருகிறேன், ஸார். முருகனுடைய திருவுருவத்தை மனத்தில் நிறுத்த வேண்டுமென்பது என் ஆசை. ஆனால் கண்ணை மூடினால் இருட்டுத்தான் தெரிகிறது. சில நாள் முதல் நாள் கடையில் வாங்கிய கத்தரிக்காய் தெரிகிறது. முருகனைக் காணோம். இந்தக் கணக்கு எனக்கு வராது போலிருக்கிறது. விட்டுவிடலாமென்று பார்க்கிறேன்" என்றார்.

நான் சிரிக்கவில்லை. ஏனென்றால் ஏறக்குறைய இதே வார்த்தைகளை ஒன்பது வருஷங்களுக்கு முன்பு நானே என் தாயாரிடம் சொல்லியிருக்கிறேன். என் புகாரில் கத்தரிக்காய்க்குப் பதிலாகப் பரீட்சைத் தாள்கள் இருந்தன, அவ்வளவுதான் வித்தியாசம். நண்பருக்கு அன்று நான் சொன்ன சமாதானம் அரைகுறையாக இருந்தது. அதை முழுவதும் சொல்லிவிட வேண்டுமென்றே இந்த வாரம் எழுதுகிறேன்.

சென்னையிலிருந்து அரக்கோணம் போகும் ரயில் பாதையில் திருநின்றவூர் என்று ஓர் ஊர் இருக்கிறது. பூசலார் நாயனாருடைய ஊர் அது. அவருடைய கதை நேயர்களுக்குத் தெரிந்ததுதான். சிவபெருமானுக்கு ஒரு கோயில் கட்ட வேண்டுமென்று அவர் விரும்பினார். எங்கெங்கோ அலைந்தும் பொருள் கிடைக்கவில்லை. ஆகவே மனத்திலேயே கோயிலைக் கட்டத் தொடங்கினார். அதே காலத்தில் காஞ்சியில் காடவர் கோன் பெரும்பொருள் செலவிட்டு ஒரு கற்றளியைக் கட்டி முடித்துக் கும்பாபிஷேகத்துக்கு நாள் குறித்திருந்தான். அதற்கு முந்தின இரவு ஆண்டவன் அரசன் கனவில் தோன்றி, நாளைக்கு நின்றவூர்ப் பூசல் கட்டிய ஆலயத்தில் தாம் புகப்போவதாகவும், காஞ்சி விழாவை வேறு நாளைக்குத் தள்ளி வைக்க வேண்டுமென்றும் சொன்னார். அரசன் திருநின்றவூருக்கு விரைந்து வந்து, "பூசலார் கட்டிய கோயில் எங்கே?" என்று ஊராரை விசாரித்தான். அப்படி ஒரு கோயிலை யாரும் கண்டதில்லை.

இந்தக் கதையைச் சிறு வயதில் கேட்டபோது, அரசன் திகைத்து நின்ற இடந்தான் எனக்கு ரஸமாக இருந்தது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் எழுதிய பெரிய புராணத்தைப் பிற்காலத்தில் நிதானமாகப் படித்தபோது வேறொரு விஷயம் கண்ணில் பட்டது. பூசலார் கோயிலைக் கட்டிய விதம் அது. அவர் முதலில் மனத்தாலேயே பொருள் சேர்க்கிறார். பிறகு வேண்டிய சாமான்களைச் சேகரிக்கிறார். தச்சர்களைத் தேடிக் கொண்டு வருகிறார். நல்ல நாள் பார்த்து அஸ்திவாரம் போடுகிறார். இரவிலும் தூங்காமல் வேலையைக் கவனிக்கிறார். அடித்தளத்திலிருந்து சிகரம் வரையில் வரிசை வரிசையாக எழுப்புகிறார். பிறகு சுதை வேலை, கிணறு, மதில், திருக்குளம். இவ்வளவுக்கும் நெடுநாள் ஆகிறது.

யோசித்துப் பாருங்கள். மனத்தில் கட்டும் கோயிலுக்குச் சுண்ணாம்பு காயக் காத்திருக்க வேண்டியதில்லை. கூலி கொடுக்க வேண்டியதில்லை. நினைத்த மாத்திரத்தில் பொற்சிகரத்தை அந்தரத்தில் நிறுத்தி வைத்தாலும் கேட்பார் இல்லை. அப்படியிருந்தும் பூசலார் முதலில் அஸ்திவாரந்தான் போட்டார். கல்லுக்கு எந்த ஒழுங்கோ அந்த ஒழுங்கையே எண்ணத்துக்கும் வைத்தார். உருவத் தியானம் பழகுகிறவர்களில் பெரும்பாலோர் தோற்றுப் போவது இந்த ஓர் இடத்தில்தான் என்பது என் அபிப்பிராயம். நாம் சிகரத்திலிருந்து தொடங்குகிறோம்.

இதை நான் புத்தகத்திலிருந்து மட்டும் தெரிந்துகொள்ளவில்லை.

ஒன்பது வருஷங்களுக்கு முன்பு என் தாயார் வாசற்படியில் தடுக்கி விழுந்தார். அடுத்த மாதம் மறுபடியும் விழுந்தார். நேரே இருப்பதெல்லாம் நன்றாகத் தெரிகிறது என்றார். பக்கத்தில் வைத்த தண்ணீர்ச் செம்பு மட்டும் காலில் தட்டியது. கண் வைத்தியரிடம் அழைத்துப் போனபோது கிளாக்கோமா என்று சொன்னார். கண்ணுக்குள் இருக்கும் நீரின் அழுத்தம் பெரும்பாலும் இதில் மிகுதிப்பட்டு, பார்வை நரம்பு சிறிது சிறிதாகச் சேதமடைகிறது. வலியில்லை, சிவப்பில்லை. முதலில் பக்கப் பார்வை போகிறது. நடுப்பார்வை கடைசி வரையில் நிற்பதால் நோயாளிக்கே நெடுநாள் தெரிவதில்லை. மருந்தாலும் சிகிச்சையாலும் எஞ்சியிருக்கும் பார்வையைக் காக்கலாம். போன பார்வையைத் திருப்ப முடியாது. நாங்கள் போனபோது நோய் முற்றியிருந்தது. நாற்பது வயதுக்கு மேற்பட்ட நேயர்கள், முக்கியமாகக் குடும்பத்தில் யாருக்காவது இந்த நோய் இருந்தால், வருஷம் ஒரு முறை கண்ணைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். நானும் அப்படித்தான் செய்து வருகிறேன். தியானத்தைப் பற்றி எழுதும் இடத்தில் இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தியானம் சொட்டு மருந்துக்கு மாற்று அல்ல. என் தாயாரும் ஒரு வேளை மருந்தைக்கூடத் தவற விட்டவர் அல்லர்.

வைத்தியர் வீட்டிலிருந்து திரும்பி வரும்போது அம்மா வெகு நேரம் பேசவில்லை. வீட்டுக்கு வந்து காபி குடித்த பிறகு, "எவ்வளவு நாள் மிச்சம் இருக்கும் என்று கேட்டாயா?" என்றார்.

"சொல்ல முடியாது என்கிறார், அம்மா. சில வருஷங்கள் இருக்கலாம்."

"அது போதும். பெருமாளைப் பாடம் பண்ணிக்கொண்டு விடுகிறேன்" என்றார்.

எங்கள் தெருக் கோடியில் இருக்கும் பெருமாள் கோயிலுக்கு அம்மா கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த நாள் முதல் போய்க்கொண்டிருப்பவர். நாற்பத்தைந்து வருஷங்கள் சேவித்த மூர்த்தியைப் புதிதாகப் பாடம் பண்ண என்ன இருக்கிறது என்று நான் நினைத்தேன். கேட்கவும் கேட்டேன். "இத்தனை நாள் கும்பிட்டேன். எங்கேடா பார்த்தேன்?" என்றார்.

மறு நாளிலிருந்து அவர் கோயிலுக்குப் போகும் முறையே மாறிவிட்டது. கூட்டமில்லாத வேளையாகப் பார்த்துப் போவார். ஸந்நிதியில் தொங்கும் விளக்கை மட்டும் பார்ப்பார். பிறகு கண்ணை மூடிக்கொள்வார். திறந்து மறுபடி பார்ப்பார். வீட்டுக்கு வந்து திண்ணையில் உட்கார்ந்து அந்த விளக்கை நினைப்பார். அதன் சங்கிலிக்கு எத்தனை வளையம் என்பது மறந்து போனால் மறு நாள் போய் எண்ணிக்கொண்டு வருவார். விளக்கு ஒன்றுக்கே ஒரு மாதம் ஆயிற்று. அதன் பிறகுதான் திருவடிக்கு வந்தார்.

நோயின் காரணமாக அவருடைய பார்வை ஒரு குழாய் வழியே பார்ப்பதுபோலக் குறுகியிருந்தது. பெருமாளை முழுவதும் ஒரே சமயத்தில் அவரால் பார்க்க முடியாது. திருவடியைப் பார்த்தால் திருமுகம் தெரியாது. சங்கைப் பார்த்தால் சக்கரம் தெரியாது. நான் இதை ஒரு குறையாக எண்ணி வருந்தினேன். பின்னால்தான், எந்த முறையைப் பெரியவர்கள் விதியாக வகுத்தார்களோ அந்த முறைக்கு நோயே அவரைக் கொண்டுபோய் விட்டது என்று தெரிந்துகொண்டேன்.

பாகவதத்தின் மூன்றாவது ஸ்கந்தத்தில் கபிலர் தம் தாயாகிய தேவஹூதிக்குத் தியானத்தை உபதேசிக்கும் இடம் இருக்கிறது. முழு உருவத்திலும் மனம் பதிந்த பிறகு அந்த உருவத்தை ஒவ்வோர் அங்கமாகத் தனித்தனியே தியானிக்க வேண்டுமென்கிறார். திருவடியில் தொடங்கி, அதிலுள்ள வஜ்ரம், அங்குசம், கொடி, தாமரை ஆகிய ரேகைகள், நகங்களின் ஒளி, பிறகு முழங்கால், தொடை, பீதாம்பரம், நாபி, திருமார்பு, கழுத்து, கைகள், திருமுகம், பார்வை என்று ஏறிக்கொண்டே போய்க் கடைசியில் புன்னகையில் முடிக்கிறார். புன்னகை எல்லாவற்றுக்கும் கடைசி என்பதைக் கவனிக்க வேண்டும். நாமோ கண்ணை மூடியவுடன் புன்னகைதான் முதலில் தெரிய வேண்டுமென்கிறோம்.

அங்கே மகன் தாய்க்கு உபதேசித்தார். எங்கள் வீட்டில் அது தலைகீழாக நடந்தது. அம்மாவைப் பார்த்து எனக்கும் ஆசை உண்டாயிற்று. நான் பட்டம் பெற்றவன். நாள்தோறும் நாற்பது பிள்ளைகளை அடக்கி ஆள்கிறவன். என் மனத்தை அடக்க முடியாதா என்ற நினைப்பு. ஒரு வாரத்தில் பெருமாளைத் திருமுடி முதல் திருவடி வரையில் மனத்தில் நிறுத்திவிடுவதென்று உட்கார்ந்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு முயன்றேன். நெற்றி வலித்தது. ஒரு கணம் கிரீடம் மாதிரி ஏதோ தெரிந்தது. அதைப் பிடிக்கப் போனதும் பரீட்சைத் தாளாகிவிட்டது. மூன்றாவது மாதம் அம்மாவிடம் புகார் செய்தேன்.

"ஏண்டா, நீ கூப்பிட்ட உடனே கைகட்டிக்கொண்டு வந்து நிற்க அவர் என்ன உன் வகுப்புப் பையனா?" என்றார் அம்மா. "விளக்கிலே ஆரம்பி. அதுவும் மங்கலாகத்தான் தெரியும். மங்கலாகத் தெரிந்தால் மங்கலான விளக்குக்கே ஒரு கும்பிடு போட்டுவிட்டு எழுந்திரு."

என் தவறு என்ன என்பதைப் பின்பு ஒரு பழைய நூலில் படித்தேன். ஐந்தாம் நூற்றாண்டில் புத்தகோஷர் என்ற பௌத்த ஆசிரியர் இலங்கையில் அனுராதபுரத்து மகாவிகாரையிலிருந்து பாலி மொழியில் எழுதிய 'விசுத்தி மக்கம்' என்ற நூல் அது. வேறு சமயத்து நூலானாலும், மனத்தில் ஓர் உருவத்தை ஏற்படுத்தும் வித்தையை அதைப்போல நுணுக்கமாகச் சொன்ன நூலை நான் கண்டதில்லை. அங்கே தியானப் பொருள் கடவுளின் வடிவம் அல்ல. வெறும் களிமண் வட்டம். விடியற்கால வானத்தின் நிறமுள்ள மண்ணால் ஒரு சாணும் நான்கு விரலும் அகலமுள்ள வட்டம் செய்து, அதற்கு இரண்டரை முழம் தள்ளி ஆசனம் போட்டுக்கொண்டு உட்கார வேண்டும். அதற்கு மேல் தள்ளிப் போனால் வட்டம் தெளிவாகத் தெரியாது. கிட்டே போனால் மண்ணின் குறைகள் தெரியும். ஆசனம் உயரமாயிருந்தால் கழுத்தைக் குனிய வேண்டும். தாழ்வாயிருந்தால் முழங்கால் வலிக்கும். கண்ணை அகல விழித்தால் கண் களைத்துப் போகும். மிகவும் சுருக்கினால் தூக்கம் வரும். கண்ணாடியில் முகம் பார்க்கிறவன் பார்ப்பதுபோல இயல்பாகப் பார்க்க வேண்டும். சிறிது நேரம் பார்ப்பது, பிறகு கண்ணை மூடுவது, மறுபடி திறப்பது என்று நூறு முறை, ஆயிரம் முறை, அதற்கு மேலும் செய்ய வேண்டும். கண் திறந்திருக்கும்போது தெரிவதுபோலவே மூடியிருக்கும்போதும் வட்டம் தெரியத் தொடங்கினால் முதற்படி ஏறியாயிற்று.

முயற்சி எவ்வளவு இருக்க வேண்டுமென்பதற்கும் அவர் உவமைகள் சொல்கிறார். மரம் பூத்திருக்கிறதென்று அறிந்து மிகை வேகத்தோடு பறக்கும் வண்டு பூவைத் தாண்டிப் போய்விடுகிறது. திரும்பி வருவதற்குள் மகரந்தம் தீர்ந்து விடுகிறது. மந்தமான வண்டும் மகரந்தம் தீர்ந்த பிறகே போய்ச் சேருகிறது. அளவறிந்து பறக்கும் வண்டுக்குத்தான் தேன். இன்னொன்று: சஸ்திர வைத்தியம் கற்கும் மாணாக்கர்கள் தண்ணீர்ப் பாத்திரத்தில் மிதக்கும் தாமரை இலையின்மேல் கத்தியால் கீறிப் பழகுவார்களாம். அவசரக்காரன் இலையை இரண்டாக வெட்டிவிடுவான், அல்லது தண்ணீரில் அமிழ்த்திவிடுவான். பயந்தவன் கத்தியால் தொடவே மாட்டான். இதைப் படித்தபோது, நெற்றி வலிக்க உட்கார்ந்திருந்த என்னையும், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாமென்று படுத்துவிட்ட என்னையும் ஆயிரத்தைந்நூறு வருஷங்களுக்கு முன்பே அந்தப் பெரியவர் பார்த்துவிட்டார் என்று தோன்றியது.

எல்லாவற்றிலும் என் மனத்தைத் தொட்டது ஒரு சிறு குறிப்பு. வட்டம் மனத்தில் பதிந்த பிறகு துறவி தம் இருப்பிடத்துக்குப் போய் அங்கே தியானத்தைத் தொடர வேண்டும். ஆனால் அவர் ஒற்றைத் தோல் செருப்பு ஒரு ஜோடியும் ஊன்றுகோல் ஒன்றும் தயாராக வைத்திருப்பது நலம் என்கிறார் ஆசிரியர். எதற்காக? ஏதோ ஒரு காரணத்தால் உருவம் மறைந்துவிட்டால், செருப்பை மாட்டிக்கொண்டு கோலை எடுத்துக்கொண்டு மறுபடி வட்டம் இருக்கும் இடத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருவதற்காக. செருப்பில்லாமல் போனால் திரும்பி வந்து கால் கழுவுவதில் காலதாமதமாகுமாம். உருவம் மறையாது என்று அவர் வாக்குக் கொடுக்கவில்லை. மறைந்தால் அழ வேண்டுமென்றும் சொல்லவில்லை. மறையும் என்பதை முன்கூட்டியே கணக்கில் வைத்துக்கொண்டு, வாசலில் செருப்பைத் தயாராக வைக்கச் சொல்கிறார். பொறுமை என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

இது பழங்காலத்து நம்பிக்கை மட்டுந்தானா என்று சில நேயர்கள் கேட்கலாம். மனத்தில் உருவம் அமைக்கும் திறமை பயிற்சியால் வளரக்கூடியது என்பதற்கு இக்காலத்துச் சாட்சியமும் உண்டு. தெரிந்த வீட்டின் அறைகளையோ தெருவையோ மனத்தில் கொண்டுவந்து, நினைவில் வைக்க வேண்டியவற்றை அந்த வழிநெடுக உருவங்களாக நிறுத்தி வைக்கும் பழைய உபாயம் ஒன்று ஐரோப்பாவில் உண்டு. 2017-ஆம் ஆண்டில் வெளியான ஒரு பரிசோதனையில், சாதாரண ஞாபகசக்தியுள்ள சிலருக்கு இதை நாளைக்கு அரை மணி வீதம் 40 நாள் பழக்கினார்கள். முதலில் 72 சொற்களில் சராசரி 26 சொற்களை மட்டும் திருப்பிச் சொன்னவர்கள், பயிற்சிக்குப் பிறகு 62 சொற்கள் சொன்னார்கள். நான்கு மாதம் கழித்தும் அந்தத் திறமை பெரும்பாலும் நிலைத்திருந்தது. இது ஞாபகப் பயிற்சியே தவிரத் தியானமல்ல. ஆயினும் அரை மணியும் நாற்பது நாளும் என்ன செய்யும் என்பதை இது காட்டுகிறது.

என் வகுப்பிலேயே இதைக் காண்கிறேன். நான் சொல்லிக்கொடுப்பது சரித்திரமும் பூகோளமும். இந்தியப் படத்தைப் பாராமல் போடச் சொன்னால், ஒரே வீச்சில் முழுக் கோட்டையும் இழுக்கும் பையனுடைய இந்தியா வெங்காயம் போல வந்து சேரும். கச்சு வளைகுடாவை ஒரு நாள், கத்தியவாரை ஒரு நாள், கொங்கணக் கரையை ஒரு நாள், கன்னியாகுமரி முதல் கங்கை முகத்துவாரம் வரையில் சில நாள் என்று பழகிய பையன் வருஷக் கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு போட்டுவிடுவான். அவனுக்குப் புத்தி அதிகமென்பதில்லை. பார்த்தான், மூடினான், போட்டான், தப்பைத் திருத்தினான், அவ்வளவுதான்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். எல்லோருக்கும் மனக்கண் ஒரே மாதிரி இருப்பதில்லை. 1880-ஆம் ஆண்டில் பிரான்ஸிஸ் கால்டன் என்ற ஆங்கில விஞ்ஞானி, அன்று காலை உணவு அருந்திய மேஜையை மனத்தில் நினைத்து, அது எவ்வளவு தெளிவாகத் தெரிகிறதென்று பலரைக் கேட்டார். சிலருக்கு நேரில் பார்ப்பதுபோல் தெரிந்தது. விஞ்ஞானிகள் சிலரோ, மனத்தில் படம் தெரிவதென்பது வெறும் பேச்சு வழக்கு என்றே அதுவரை எண்ணியிருந்ததாகச் சொன்னார்கள். நூற்றுக்குச் சிலருக்கு இப்படிப் பிறவியிலேயே மனக்கண் இல்லையென்று இப்போது அறிந்திருக்கிறார்கள். 2015-இல் இதற்கு ஆங்கிலத்தில் ஒரு பெயரும் வைத்தாயிற்று. இது நோயன்று; அறிவுக் குறைவும் அன்று. அப்படிப்பட்டவர்கள் உருவத்தைக் காணவில்லையே என்று ஏங்க வேண்டியதில்லை. மணியின் ஓசை, துளசியின் மணம், கல் படியின் குளிர்ச்சி, திருநாமம் இவற்றை வரிசையாக மனத்தில் கொண்டு வந்தாலும் அது மனக் கோயில்தான்.

இனி என் தாயாரிடம் திரும்புகிறேன். ஐந்து வருஷங்களில் அவர் திருவடியிலிருந்து திருமுகம் வரையில் பாடம் பண்ணி முடித்தார். நான்கு வருஷங்களுக்கு முன்பு பார்வை அநேகமாக முழுவதும் போய்விட்டது. அன்றைக்கும் காலையில் திண்ணையில் உட்கார்ந்து, தெருவில் நடந்து, கோபுர வாசலில் குனிந்து, விளக்கைக் கும்பிட்டு, திருவடியில் தொடங்கிச் சேவித்துவிட்டு வந்தார். எல்லாம் உட்கார்ந்த இடத்திலேயே.

இரண்டு வருஷங்களுக்கு முன்பு ஒரு கடுமையான ஜுரம் வந்து பத்து நாள் படுத்துவிட்டார். எழுந்து உட்கார்ந்த முதல் நாள், வெகு நேரம் கழித்து என்னைக் கூப்பிட்டார். முகம் வெளிறியிருந்தது.

"காணோம்டா" என்றார்.

விளக்கு தெரியவில்லை, திருவடி தெரியவில்லை, ஒன்றுமே வரவில்லை. ஐந்து வருஷத்து உழைப்பு பத்து நாளில் அழிந்துவிட்டதோ என்று நான் நடுங்கிப் போனேன். புத்தகோஷருடைய துறவிக்குச் செருப்பு இருந்தது. போய்ப் பார்க்கக் கண்ணும் இருந்தது. அம்மாவுக்கு எது இருக்கிறது? ஒரு வாரம் தினமும் உட்கார்ந்தார், வெறுங்கையோடு எழுந்தார். எட்டாம் நாள், "நீ போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்லு" என்றார்.

போனேன், சேவித்தேன், வந்தேன்.

"துளசி மாலை எது வரைக்கும் தொங்குகிறது?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. "இடது கை இடுப்பில் இருக்கிறதா, கதையின்மேல் இருக்கிறதா?" தெரியவில்லை. நினைவு தெரிந்த நாள் முதல் போய் வரும் கோயில் அது. "விளக்குச் சங்கிலிக்கு எத்தனை வளையம்?" நான் தலையைக் குனிந்துகொண்டேன். அம்மா கோபித்துக்கொள்ளவில்லை. "நாளைக்குப் போய் எண்ணிக்கொண்டு வா" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த நாளிலிருந்து தினமும் பள்ளிக்கூடம் போவதற்கு முன்பு கோயிலுக்குப் போய், ஒரு நாளைக்கு ஒரு பொருளாகப் பார்த்துவிட்டு வந்து அம்மாவிடம் சொன்னேன். முதல் நாள் சங்கிலி. பதினோரு வளையம் என்றேன். "ஒன்பதுக்கு மேலே ஒன்று வளைந்திருக்குமே, அது இருக்கிறதா?" என்று கேட்டார். மறு நாள் போய்ப் பார்த்தேன். பத்தாவது வளையம் வளைந்துதான் இருந்தது. அதைச் சொன்னபோது அம்மாவின் முகத்தில் சிறிது ஒளி வந்தது. உருவம் அழியவில்லை, எங்கேயோ உள்ளே இருக்கிறது, வழிதான் தூர்ந்திருக்கிறது என்று எங்கள் இருவருக்கும் தெரிந்தது. விளக்கு திரும்பி வர மூன்று வாரம் ஆயிற்று. திருவடிக்கு இரண்டு மாதம். ஏறக்குறைய ஒரு வருஷத்தில் திருமுகமும் வந்தது. முன்போல் எல்லா நாளும் வருவதில்லை. வந்த நாளில் ஆரவாரமில்லை. வராத நாளில் புலம்பலில்லை. உட்காருவது மட்டும் தவறுவதில்லை.

அந்த ஒரு வருஷத்தில்தான் நான் பார்க்கக் கற்றுக்கொண்டேன். எனக்காக உட்கார்ந்தபோது வராத உருவம், இன்னொருவருக்குச் சொல்ல வேண்டுமென்று பார்த்தபோது தானாகவே பதியத் தொடங்கியது.

ஆகவே கணக்கு உபாத்தியாயருக்கும், அவரைப் போன்ற நேயர்களுக்கும் நான் சொல்லக்கூடியது இதுதான். தினம் ஒரே வேளையில், ஒரே இடத்தில், பத்து நிமிஷம் உட்கார்ந்தால் போதும். கழுத்தும் முழங்காலும் வலிக்காதபடி உட்காருங்கள். முழு மூர்த்தியையும் வரவழைக்க முயல வேண்டாம். வேலின் நுனியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் நேரில் பாருங்கள், பிறகு மூடுங்கள், மறுபடி பாருங்கள். மங்கலாக வந்தால் மங்கலாகவே ஏற்றுக்கொள்ளுங்கள். கத்தரிக்காய் வந்தால் அதோடு சண்டை போட வேண்டாம். அது போன பிறகு வேலுக்குத் திரும்புங்கள். எத்தனை நாளாயிற்று என்று நாட்காட்டியைப் பார்க்க வேண்டாம். மறைந்து போனால் செருப்பை மாட்டிக்கொண்டு கோயிலுக்குப் புறப்படுங்கள்.

நண்பர் போகும்போது, "ஒன்பது வருஷமாகப் பழகுகிறீர்களே, உங்களுக்கு எதுவரைக்கும் தெரிகிறது, ஸார்?" என்று கேட்டார். கணக்கு உபாத்தியாயர் அல்லவா? பதிலைத் துல்லியமாக எதிர்பார்த்தார்.

உண்மையைச் சொல்வதில் வெட்கமில்லை. விளக்கு நன்றாகத் தெரிகிறது. திருவடி தெரிகிறது. பீதாம்பரத்தின் கரையில் ஒரு பக்கம் தெரிகிறது. முழங்கால் வரையில் வந்திருக்கிறேன். அதற்கு மேல் இன்னும் இருட்டுத்தான்.

அம்மாவிடம் இதைச் சொன்னபோது, "முழங்கால் வரைக்குமா? அப்படியானால் சீக்கிரமாகத்தான் போகிறாய்" என்றார்.